செத்த பம்பில் புதுக் கிரீஸ்

அடுத்த கிழமை நீங்கள் சதுப்புப் பக்கம் இறங்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய எஞ்சின் பம்புகள் எங்கெங்கே கிடக்கின்றன, எதை வெட்டி அகற்றலாம், எதை அப்படியே விடலாம் என்று பட்டியல் போடுகிற வேலை. படம் எடுக்க ஒரு ஃபோன், சேற்றுக்கு ஒரு சோடி சப்பாத்து, இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். முடியலாம். நானும் ஒருமுறை அப்படி ஒரு பம்பை அரை மணித்தியாலத்தில் பார்த்து முடித்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். பெருமைப்படும்படியான கதை இல்லை. அதனால்தான் நமது வடிகால் அலுவலகத்தில் இருந்தவரை வாயைத் திறக்கவில்லை.

என்னை நீங்கள் ‘சந்தேக மிஸ்’ என்று அழைத்தது எனக்குத் தெரியும். நீங்கள் வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்த பெயர் அது. தப்பான பெயர் என்று சொல்லமாட்டேன். ஒப்பந்தக்காரர் ‘முடிந்தது’ என்றால் போய்ப் பார்ப்பேன். களஞ்சியக்காரர் ‘இல்லை’ என்றால் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன். ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் வீடு தேடியபோதும் மூன்றாம் மாடிக்குக் கீழே ஒன்றையும் பார்க்கச் சம்மதிக்கவில்லை. தண்ணீர் விடயத்தில் நான் ஒருவரையும் நம்புவதில்லை, எதிரே இருக்கும் கடலையும் சேர்த்து.

அந்தக் குணம் பாதி பிறவியில் வந்தது. மீதியை என் முதல் மேலதிகாரி தந்தார். அவர் பெயர் வேண்டாம், விரும்பமாட்டார். நான் சேர்ந்த புதிதில் என்னை ஒரு சதுப்பு ஓரத்துக்குக் கூட்டிப் போனார். கையில் வரைபடம். நாங்கள் நின்ற இடத்துக்கு முன்னால் நல்ல மேட்டு நிலம் என்று அதில் இருந்தது. நான் காலை எடுத்து வைக்கப் போனேன். அவர் தன் தடியைக் குறுக்கே நீட்டி என்னை நிறுத்திவிட்டு, அதே தடியை நான் மிதிக்கவிருந்த புல்லில் ஊன்றினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது.

“முதல் தடி, பிறகு கால்,” என்றார். “ஆர் சொன்னாலும் சரி, படம் சொன்னாலும் சரி.”

அதில் ‘ஆர் சொன்னாலும்’ என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆட்களைத் தடியால் குத்திப் பார்ப்பதில் பின்னாளில் அவரையே மிஞ்சிவிட்டேன். ‘படம் சொன்னாலும்’ என்ற மற்றப் பாதியை எங்கேயோ தவறவிட்டேன். நான் சொல்லப் போகும் கதையின் முழுக் குற்றமும் அங்கேதான் இருக்கிறது.

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து, ஆனால் இரும்பு விலை ஓயாத காலம். கொழும்பில் இரும்பு என்று பெயருள்ள எது வெளியில் கிடந்தாலும் அடுத்த நாள் இருக்காது. வடிகால் மூடிகள் போயின. பாலத்துக் கைப்பிடிக் கம்பிகள் போயின. எங்கள் வாயில் கதவின் தாழ்ப்பாளே ஒருமுறை போனது. அந்த நேரத்தில்தான் முகத்துவாரத்தில், ஆற்று அணைக்குப் பின்னால் இருக்கும் சதுப்பில் கிடந்த பழைய பம்பைப் பார்த்து அறிக்கை தரும்படி எனக்குச் சொன்னார்கள்.

போய்ப் பார்த்தால், எஞ்சின் கொட்டகைக்குக் கூரை இல்லை, மூன்று சுவர்தான் மிச்சம். நடுவில் சிமெந்து மேடை. எஞ்சினைப் பூட்டியிருந்த தடித்த போல்ட்டுகள் மேடையில் நீட்டிக்கொண்டு நின்றன. எஞ்சின் இல்லை. அதைச் சுழல வைத்த பெரிய சக்கரத்தின் ஒரு பாதி மட்டும் புல்லில் கிடந்தது, மற்றப் பாதியை யாரோ நேர்த்தியாக வெட்டி எடுத்திருந்தார்கள். நத்தைக் கூடு மாதிரியான பம்பின் உடல் சேற்றில் பாதி புதைந்திருந்தது. அதிலிருந்து ஓர் இரும்புக் குழாய் அணைக்குள் நுழைந்து மறுபக்கம் ஆற்றுக்குப் போனது. எஞ்சின் ஓடிய நாட்களில் தாழ்ந்த தெருக்களின் மழைத் தண்ணீரை இந்தக் குழாய் வழியாக ஆற்றில் தள்ளினார்கள். பிறகு வேறோர் இடத்தில் மின்சாரப் பம்ப் வந்ததும் இதைக் கைவிட்டார்கள்.

கையில் இருந்த கோப்பில் ஒரு வரி இருந்தது: ‘குழாய் நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது.’ குழாயின் ஆற்றுப்பக்க வாயை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. அதை விலக்கிப் பார்க்க ஓர் ஆளை இறக்கியிருக்கலாம். கோப்பில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அணைக்குப் பக்கத்தில் குழாயின் மேல் ஒரு வால்வு இருந்தது. நிமிர்ந்து நிற்கிற தண்டு, அதன் தலையில் ஒரு கைச்சக்கரம், பெரிய தாம்பாளத்தின் அகலம். சக்கரத்தைச் சுற்றினால் தண்டு வழியாக உள்ளே ஓர் இரும்புக் கதவு இறங்கிக் குழாயை அடைக்கும். மற்ற எல்லா இரும்பும் துருப்பிடித்துச் செங்கல் நிறத்தில் கிடக்க, அந்தத் தண்டில் மட்டும் கிரீஸ் இருந்தது. காய்ந்து கட்டியாகிப்போன பழைய கிரீஸ் இல்லை. விரலை வைத்தேன், வழுவழுவென்று ஒட்டியது. சுற்றிவரப் புல்லும் பிடுங்கியிருந்தது.

செத்த மாட்டுக்கு யார் புல் போடுவார்? எனக்கு உடனே விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். துருப்பிடித்த இரும்பைக் கழற்றத் தெரிந்தவன் முதலில் எண்ணெயோ கிரீசோ பூசி ஊறவிடுவான். பெரிய சக்கரத்தில் பாதி போய்விட்டது, இனி இதுதான் என்று கணக்குப் போட்டேன்.

அணைக்குக் கீழே கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் குந்தியிருந்து இடியாப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முன்பு எஞ்சின் ட்ரைவருக்கென்று கட்டிய ஒற்றை அறையைச் சுற்றிப் பலகையும் தகரமுமாக வளர்ந்த வீடு அது. ஐம்பது வயது இருக்கும். பெயர் பிலோமினா. காலையில் இடியாப்பம் அவித்துக் கொட்டாஞ்சேனைக் கடைகளுக்குக் கொடுக்கிறவர் என்று கூட வந்த எங்கள் தொழிலாளி சொன்னார். நான் வால்வைத் தொட்ட நேரத்திலிருந்து அவர் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிட்டப் போனேன். அவருடைய நகங்களில் மாவு ஒட்டியிருந்தது. மாவுக்கு அடியில் கறுப்பு.

“இதை ஆர் கழட்டப் பாக்கிறது?” என்று கேட்டேன்.

“தெரியாது மிஸ்.”

“புதுசாக் கிரீஸ் பூசியிருக்கு. ஆரோ வந்து போயினம்.”

“கழட்ட ஒருத்தரும் வரல்ல மிஸ்.”

“அப்ப அந்தப் பெரிய சில்லில பாதி எங்க போனது?”

“லொறி வந்து ஏத்திட்டுப் போச்சு.”

“ஆருடைய லொறி?”

“எனக்கு எப்பிடித் தெரியும்? கையில ஃபைலோட வந்தாங்க.”

கோப்போடு வருகிற திருடரா என்று மனதுக்குள் சிரித்தேன். பொய் சொல்வதென்றாலும் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்லக் கூடாதா என்றும் நினைத்தேன். தொழிலாளியிடம் கைச்சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். அலுவலகத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்பது என் எண்ணம். மேலே இருந்த நட்டில் ஸ்பானரை வைத்து இரண்டு தரம் திருப்பியதும் சக்கரம் கழன்று வந்தது. அவ்வளவு சுகமாகக் கழன்றது என் சந்தேகத்துக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

பிலோமினா ஈரக் கையோடு எழும்பினார்.

“மிஸ், அதைக் கொண்டுபோனா மழைக்கு...”

“மழைக்கு எங்கட பம்ப் இருக்கு. நீங்கள் அதை யோசிக்க வேண்டாம்.”

அவர் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு வந்தார். எங்கள் வாகனத்தின் பின்னால் போய் நின்று இலக்கத் தகட்டைப் பார்த்தார். நான் அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: ‘வாகன இலக்கத்தை நோட்டம் விடுகிறார். தமக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். நம்பத்தக்கதாக இல்லை.’ அன்று பின்னேரமே அறிக்கையின் வரைவும் எழுதியாயிற்று. கடைசிப் பந்தியில், அணையின் ஒதுக்கு நிலத்தில் அனுமதியில்லாமல் ஒரு குடியிருப்பு உள்ளது, அதை அகற்றினால் அரசாங்கச் சொத்து பாதுகாப்பாக இருக்கும் என்றும் எழுதினேன். ஒரு பெண்ணின் வீட்டை இடிக்க எனக்கு மூன்று வரி போதுமாக இருந்தது.

சக்கரத்தைக் களஞ்சியத்தில் வைக்க மனம் வரவில்லை. களஞ்சியக்காரரையும் நான் நம்புவதில்லை என்று சொன்னேனே. என் அறையில், என் மேசைக்கு அடியில் வைத்தேன். அறையைப் பூட்டித் திறப்பை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மேசையில் இருக்கும்போது கால் வைக்க நல்ல உயரமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் பாதங்களை வைத்துக்கொண்டுதான் மற்றக் கோப்புகளைப் பார்ப்பேன்.

சில கிழமைகள் போயின. அறிக்கை தட்டச்சாகி, கையெழுத்துக்காக என் மேசையில் இருந்தது. பிறகு மழை பிடித்தது. கொழும்பில் பெய்த மழையைவிட மலைப்பக்கத்தில் பெய்ததுதான் கூட. உங்களுக்கும் தெரியும், அங்கே பெய்தால் இங்கே ஆறு ஏறும். வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே முகத்துவாரத்தில் தண்ணீர் அணையைத் தொடும்.

ஆறு ஏறத் தொடங்கிய அன்று காலை கிருலப்பனை வாய்க்கால் பக்கம் பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். முறைப்பாட்டு மேசையில் இருந்த பிள்ளை ஒரு துண்டைக் கொண்டுவந்து தந்தது. வெள்ளவத்தைப் பிள்ளை, கெட்டிக்காரி, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். துண்டில் இப்படி இருந்தது: ‘முகத்துவாரம். ஒரு பெண். படகுச் சுக்கான் காணாமல் போய்விட்டது. ஆறு ஏறுகிறது, சுக்கான் உடனே வேண்டுமாம். எமக்குரியதல்ல. துறைமுகப் பக்கத்துக்கு அறிவிக்கலாம்.’

“என்ன இது, எங்களிட்டைப் படகுச் சுக்கான் கேக்கினம்?” என்றேன்.

“ஓம் மிஸ். லைன் சரியில்லை. சுக்கான், சுக்கான் எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னவா. முகத்துவாரம் எண்டபடியால் படகுச் சுக்கான்தானே?”

மீன்பிடிக்கிற ஊர், சுக்கான் என்றால் படகுக்குத்தான் என்று நானும் நினைத்தேன். அதோடு என் மூளை சும்மா இருக்குமா? வெள்ளம் வரும் நாளில் நட்டஈட்டுக்கு இப்போதே அடித்தளம் போடுகிறார்கள், நாளைக்குப் படகே எங்களால்தான் போனது என்பார்கள் என்று தோன்றியது. துண்டின் மூலையில், பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக என் சுருக்கக் கையெழுத்தை வைத்தேன். அந்தக் கையெழுத்து இன்றைக்கும் கோப்பில் இருக்கிறது. விரும்பினால் எடுத்துப் பாருங்கள்.

கிருலப்பனையில் வேலை முடிந்து திரும்பும்போது மழை வலுத்தது. எங்கள் ட்ரைவர் சேகர் கொட்டாஞ்சேனைக்காரர், அவருடைய தகப்பனும் லொறி ஓட்டியவர். ஒரு குழியைத் தவிர்க்கப் போய் வாகனம் சற்றே இழுபட்டது.

“கை ஈரம் மிஸ், சுக்கான் வழுக்குது,” என்றார்.

“என்ன வழுக்குது?”

“சுக்கான். ஸ்டியரிங். அப்பா அப்படித்தான் சொல்றவர், எனக்கும் அதே வாயில வருது.”

நாங்கள் வெள்ளவத்தையில் ஸ்டியரிங் என்போம். அலுவலகத்தில் வால்வில் இருப்பதை ஹேண்ட்வீல் என்போம். படகைத் திருப்புவதும் சுக்கான், லொறியைத் திருப்புவதும் சுக்கான் என்றால், எஞ்சின் ட்ரைவரின் வீட்டில் ஒரு வால்வைத் திருப்புகிற வட்டச் சக்கரத்துக்கு வேறென்ன பெயர் இருக்கும்? சுக்கான் காணாமல் போய்விட்டது. ஆறு ஏறுகிறது. உடனே வேண்டும். அந்தச் சுக்கானில் காலையிலும் நான் கால் வைத்துக்கொண்டு தேநீர் குடித்திருந்தேன்.

கிரீஸ் கழற்றுவதற்குப் பூசியது இல்லை, சுற்றுவதற்குப் பூசியது. யாரோ அந்த வால்வை ஆறு ஏறினால் மூடி, இறங்கினால் தெருத் தண்ணீர் வடியத் திறந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அப்படியென்றால் குழாய் நிரந்தரமாக மூடப்படவில்லை. வெயில் நாளில் நான் சக்கரத்தைக் கழற்றியபோது அது திறந்து கிடந்தது. இப்போதும் திறந்துதான் கிடக்கிறது, ஆற்றை நோக்கி.

அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தேன். என் அறைக் கதவை உடைத்து, மேசைக்கு அடியில் இருக்கும் சக்கரத்தை ஒரு ஆட்டோவில் ஏற்றி முகத்துவாரத்துக்கு அனுப்பச் சொன்னேன். மறுபக்கத்தில் களஞ்சியக்காரர்.

“கடிதம் ஒண்டும் இல்லாமக் கதவை எப்பிடி மிஸ் உடைக்கிறது? பிறகு நீங்கதானே கேப்பீங்க.”

கேட்டிருப்பேன்தான். அவரை அப்படிப் பழக்கியதே நான்தான். ஃபோனை வைத்தேன். சேகர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்தெந்தச் சந்து ஒழுங்கைக்குள்ளாலோ விட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். நானே கதவைத் திறந்து, நானே சக்கரத்தைத் தூக்கி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினேன். புடவை முழுக்கத் துரு. அங்கிருந்து கொட்டாஞ்சேனை வழியாகப் போவதற்குள் நேர்ந்த வாகன நெரிசலை நான் விபரிக்கப் போவதில்லை. மடியில் சக்கரத்தை வைத்துக்கொண்டு, யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று ஊரில் இருக்கிற எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலைக் கடந்தபோது அவவையும் விடவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அணைக்குக் கீழே ஒழுங்கையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அண்டை வீட்டுச் சிங்களப் பெண் ஒருவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைக் கண்டதும் “நோனா, வதுர எனவா,” என்று கையை அணைப் பக்கம் காட்டினார். தண்ணீர் வருகிறது என்று எனக்குச் சொல்லத்தான் வேண்டுமா? செத்துப்போன அந்தப் பம்ப் தலைகீழாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒழுங்கைத் தண்ணீரை ஆற்றில் விடவேண்டிய குழாய், ஆற்றை ஒழுங்கைக்குள் விட்டுக்கொண்டிருந்தது. நத்தைக் கூட்டின் வாயிலிருந்து மண்ணிறத் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கிக்கொண்டிருந்தது.

பிலோமினா இடுப்பளவு தண்ணீரில் வால்வுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் குழாய் திருகும் ஒரு பெரிய குறடு. தண்டின் நாலு மூலைத் தலையை அதால் பிடித்துத் திருப்பப் பார்த்ததில் மூலைகள் தேய்ந்து போயிருந்தன. காலையிலிருந்து அப்படித்தான் நின்றாராம். என்னைப் பார்த்தார், என் கையில் இருந்ததைப் பார்த்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நல்லாக இருந்திருக்கும்.

“தாங்க,” என்றார், அவ்வளவுதான்.

சக்கரத்தைத் தண்டில் பூட்டினார். தேய்ந்த தலையில் அது பிடிக்காமல் சும்மா சுற்றியது. அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பால்மா டின் ஒன்றைக் கேட்டார். யாரோ எறிந்தார்கள். தகரத்தைக் கத்திரிக்கோலால் கீலமாக வெட்டி, மடித்து, தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சொருகி இறுக்கினார். நான் எத்தனையோ பயிற்சிக்குப் போனவள், அது எனக்குத் தோன்றவில்லை.

“அந்தப் பக்கம் பிடிங்க மிஸ். நான் சொல்லச் சொல்லச் சுத்துங்க.”

பிடித்தேன். ஒன்று, இரண்டு என்று அவர் எண்ண எண்ணச் சுற்றினோம். பத்துக்கு மேல் கை எரிந்தது. பதினேழில் “போதும்” என்றார். நான் இன்னும் இறுக்கப் போனேன். என் கையை அப்படியே பிடித்தார்.

“பதினேழுதான். இந்த எஞ்சினை ஓட்டின அப்பா சொன்னது. அதுக்கு மேல சுத்தினா கதவு இறுகிரும், பிறகு திறக்க ஏலாது.”

நத்தைக் கூட்டின் வாய் இரண்டு மூன்று தரம் கொப்பளித்துவிட்டு அடங்கியது. ஒழுங்கையில் இருந்த தண்ணீர் இருந்தபடி இருந்தது, ஆனால் ஏறவில்லை. அதை எங்கள் மின்சாரப் பம்ப் இழுத்து முடிக்க நாட்கள் சென்றன. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பிலோமினாவின் வீட்டில் இருந்த அரிசிமா மூடைகள் ஊறிக் களியாகிப் போயின. அந்த ஒழுங்கைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் எல்லா வேலியிலும் காய்ந்தன. வெட்கத்தில் எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

“ஏன் அண்டைக்கே எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்துதான் கேட்டேன்.

“கழட்டுறது யார் என்டு கேட்டீங்க. தெரியாது என்டேன். மெய்தானே? மூடுறது யார் என்டு நீங்க கேக்கவே இல்ல.”

“கேட்டிருந்தால் சொல்லியிருப்பீங்களா?”

அவர் நெற்றியில் ஒட்டிய சேற்றை வழித்தார்.

“சொல்லியிருக்க மாட்டேன் மிஸ். ஃபைலோட வாறவங்களுக்கு நாங்க ஒண்டும் சொல்றல்ல. சொன்னா அரசாங்கச் சாமானத் தொட்டது ஏன் என்டு கேப்பாங்க. பிறகு இந்த இடம் யாருட என்டு கேப்பாங்க.”

என் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்த அறிக்கையின் கடைசிப் பந்தி நினைவுக்கு வந்தது. நான் அவரைச் சந்தேகித்ததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. அவர் என்னைச் சந்தேகித்ததற்குக் காரணம் தட்டச்சடித்து வைத்திருந்தது.

அடுத்த நாள் அந்தக் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். முதலே செய்திருக்க வேண்டிய வேலை. நான் நிறுத்திய பக்கத்துக்கு மூன்று பக்கம் தள்ளி ஓர் ஏலப் பட்டியல் இருந்தது. பெரிய சக்கரத்தின் பாதி முறைப்படி ஏலத்தில் போயிருந்தது. கையில் கோப்போடு லொறியில் வந்தது திருடர் இல்லை. எங்களைப் போன்ற உத்தியோகத்தர்தான். பிலோமினா ஒரு சொல்லும் பொய் சொல்லியிருக்கவில்லை. ‘நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது’ என்ற வரி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனேன். ஒவ்வோர் அறிக்கையும் அதற்கு முந்தியதைப் பார்த்து எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், ஆங்கிலத்தில் எழுதிய மிகப் பழைய தாளில், குழாயை ‘மூடலாம்’ என்று இருந்தது. மொழிபெயர்ப்பில் ‘மூடலாம்’ ‘மூடப்பட்டது’ ஆகி, பிறகு யாரோ பக்கத்தில் ‘நிரந்தரமாக’வையும் சேர்த்திருந்தார்கள். ஒரு மனுசியை இந்தப் பாடு படுத்திய நான், அந்தக் கடதாசியை ஒரு கேள்வி கேட்கவில்லை.

அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். குழாய் திறந்திருக்கிறது, தாழ்ந்த ஒழுங்கை அதில்தான் வடிகிறது, வால்வை இயக்குபவர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேளாமல் அதில் கைவைக்கக் கூடாது என்று எழுதினேன். சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்தது நான்தான் என்பதையும் எழுதினேன். அவரை இயக்குபவராக நியமித்தது யார் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். அவருடைய அப்பா என்று எழுதக் கை வந்தது. ‘முன்பிருந்து வரும் ஏற்பாடு’ என்று எழுதினேன். எனக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு அனுப்பினார்கள், கொடுத்தேன். அந்த வீட்டைப் பற்றி ஒருவரும் பிறகு கேட்கவில்லை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், நல்ல வெயில் காலத்தில், அந்தப் பக்கம் ஒருமுறை போனேன். தண்டில் கிரீஸ் புதிதாக இருந்தது. தலையில் சக்கரம் இல்லை. கீழே இறங்கி அந்த வீட்டு வாசலுக்குப் போனேன். பிலோமினா தட்டுகள் கழுவிக்கொண்டிருந்தார்.

“சுக்கான் எங்க?” என்றேன். இந்தமுறை சரியான சொல்லைச் சொன்னேன்.

“தெரியாது மிஸ்.”

முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவருக்குப் பின்னால், கழுவிக் கவிழ்த்த தட்டுகளின் அடுக்குக்குப் பக்கத்தில், துவாயால் மூடிய வட்டமான ஒன்று சுவரில் சாத்தியிருந்தது. பெரிய தாம்பாளத்தின் அகலம். நான் துவாயைத் தூக்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு பொய்யைக் கேட்டு நான் சந்தோசப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

அடுத்த கிழமை உங்கள் பட்டியலில் அந்தப் பம்பும் வரும். போனால் தண்டில் சக்கரம் இருக்காது. ‘களவு போயுள்ளது’ என்று எழுதிவிடாதீர்கள், ‘அகற்றலாம்’ என்றும் எழுதாதீர்கள். கோப்பை வாகனத்தில் வைத்துவிட்டு இறங்குங்கள். தண்டைத் தொட்டுப் பாருங்கள். விரலில் கிரீஸ் ஒட்டினால் கீழே கடைசி வீட்டுக்குப் போய், இதை மூடுவது யார் என்று கேளுங்கள். தெரியாது என்று சொல்வார்.

நம்பாதீர்கள்.